வெளியூர் வேலை, பகிர்ந்து தங்கும் அறை: வீட்டில் இருப்பவர்கள் என்னிடம் கேட்டவை

காரைக்குடியில் ஒரு நிறுவனத்தில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். வெளியூர் போகிறவர்களுக்கு டிக்கெட்டும் தங்க இடமும் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. கதவில் ‘பயணப் பிரிவு’ என்று போர்டு தொங்கும். உள்ளே நான் ஒருத்திதான். போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் கீழ் பெர்த் கிடைக்குமா என்பதுதான். வீட்டில் இருப்பவர்கள் கேட்பது வேறு. கொப்புடையம்மன் கோயில் வாசலில் செருப்பை மாட்டும்போது, கல்யாணப் பந்தியில் இலை போடக் காத்திருக்கும்போது, “அக்கா, ஒண்ணு கேக்கணும்” என்று குரலைத் தாழ்த்துவார்கள். பாதிக் கேள்வியிலேயே எனக்கு மீதி தெரிந்துவிடும்.

திரும்பத் திரும்ப அதே பதிலைச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுதி வைத்தேன். யார் கேட்டது என்று தெரியாதபடி வேலையையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். கேட்ட வார்த்தைகளை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

“கம்பெனி இவ்வளவு சம்பாதிக்குது. ஆளுக்கொரு ரூம் போட்டா என்ன கொறைஞ்சு போகும்?”

ஹோட்டலில் வாடகை அறைக்குத்தான், தலைக்கு இல்லை. ஒரு அறை 3,000 ரூபாய் என்றால் இரண்டு பேர் தங்கும்போது ஆளுக்கு 1,500. பத்துப் பேர் ஐந்து நாள் பயிற்சிக்குப் போனால் பத்து அறைக்கு 1,50,000, ஐந்து அறைக்கு 75,000. கணக்குப் பிரிவு எந்தத் தாளில் கையெழுத்துப் போடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேனேஜருக்கு மேல் தனி அறை, அதற்குக் கீழே இரண்டு பேருக்கு ஒன்று என்று பல இடங்களில் எழுதப்பட்ட விதியே உண்டு.

யாரோடு யார் என்பதில் பெரிய சூட்சுமம் இருப்பதாக வீட்டில் நினைக்கிறார்கள். பட்டியல் போடும்போது நான் பார்ப்பது மூன்றுதான்: ஆணா பெண்ணா, எந்த ரயிலில் இறங்குகிறார்கள், போன தடவை யாரோடு ஏசி குளிருக்குச் சண்டை போட்டார்கள்.

“ஷேரிங்னா ஒரே கட்டில்லயா படுக்கிறாக?”

பெரும்பாலும் தனித்தனிக் கட்டில். ஹோட்டல்காரர்கள் அதை ‘ட்வின்’ என்பார்கள். ‘டபுள்’ என்றால் ஒரே பெரிய கட்டில். அறை போடுகிறவர் இந்த இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் போட்டுவிட்டால், ராத்திரி இரண்டு பேரும் நடுவில் தலையணையை வரப்பு மாதிரி வைத்துக்கொண்டு படுப்பார்கள். மூன்றாவது ஆள் இருந்தால் ‘எக்ஸ்ட்ரா பெட்’ என்று ஒரு மெத்தையைத் தரையில் போட்டுவிட்டுப் போவார்கள். பெயர்தான் பெட்.

“ஆம்பளையையும் பொம்பளையையும் ஒரே ரூம்ல போடுவாகளா?”

என் பதினாறு வருஷத்தில் நான் போட்டதில்லை. ஒழுங்காக நடக்கும் எந்த இடத்திலும் போட மாட்டார்கள். பட்டியல் போடத் தனி ஆள் இல்லாத சின்ன நிறுவனங்களில், சூப்பர்வைசர் போனிலேயே அவசரத்துக்கு ஒரே ஒரு அறையைப் போட்டுவிட்டு “அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க” என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அதில் அட்ஜஸ்ட் பண்ண ஒன்றும் இல்லை. அந்த நிலைமையில் என்ன செய்வது என்பதைப் பின்னால், போகிறவரே கேட்ட கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

“பெங்களூர்ல ஒரே அபார்ட்மென்ட்டாம். மூணு பெட்ரூமாம். அதுல ஒண்ணுல ஒரு பொண்ணு தங்குதாம். நான் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?”

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று நீளும் வேலைக்கு ஹோட்டல் கட்டுப்படியாகாது. ‘சர்வீஸ் அபார்ட்மென்ட்’ என்று முழு வீட்டை எடுப்பார்கள். ஒவ்வொரு படுக்கையறைக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு. ஹாலும் அடுப்படியும் பொது. நம் பக்கத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். நடுவில் வளவு என்கிற முற்றம், அதைச் சுற்றி அறைகள். ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், ஒரு அறை. அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே வளவில் நடமாடுவார்கள். வளவைப் பங்கு போட்டுக்கொள்வதும் அறையைப் பங்கு போட்டுக்கொள்வதும் ஒன்று என்று நம் ஊரில் யாரும் சொன்னதில்லை.

ஆனால் உங்கள் சங்கடம் பூட்டைப் பற்றியது இல்லை என்று எனக்குத் தெரியும். வேலை முடிந்து வந்து ஹாலில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள், ஒருத்தர் வெங்காயம் உரிக்க ஒருத்தர் ரசம் வைப்பார்கள், காலையில் தூங்கி எழுந்த முகத்தோடு எதிரெதிரே வருவார்கள். இதெல்லாம் வீட்டில் உங்களுக்குச் சொந்தமான நேரம். அதில் இன்னொருத்தி நடமாடுவது உறுத்துகிறது. உறுத்துவது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அதற்காக அந்தப் பெண் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவளும் தன் வீட்டில் இதே பதிலைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேளுங்கள். மொத்தம் எத்தனை பேர், அறைக்கு உள்பூட்டு உண்டா, எல்லோரும் கடைசி நாள் வரை இருக்கிறார்களா? இந்த மூன்றாவதுதான் முக்கியம். நாலு பேராகப் போவார்கள். புதன்கிழமை இரண்டு பேர் கிளம்பிவிடுவார்கள். மிச்சம் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அப்படி வரும் என்று தெரிந்தால் நான் ஒருவரை ஹோட்டலுக்கு மாற்றிவிடுவேன். மாற்றும் வசதி இல்லாத இடத்தில், போனவர் அன்றைக்கே வீட்டுக்குப் போன் செய்து “இன்னைக்கு அவங்க கெளம்பிட்டாங்க, நாங்க ரெண்டு பேருதான்” என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரம் கழித்துப் பேச்சுவாக்கில் வந்தால் அது வேறு செய்தியாகிவிடும்.

“எனக்குச் சங்கடமா இருக்குன்னு சொன்னா, ‘என்னையவே சந்தேகப்படுறியா’ன்னு எகிறுறாக.”

இதற்கு என் கதையையே சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு மிஷின் சர்வீஸ் வேலை. ஒரு தடவை ஹைதராபாத்தில் பத்து நாள் பயிற்சி. இப்படி ஒரு அபார்ட்மென்ட்தான். நாலாவது நாள் கூட வேலை பார்க்கும் ஒருத்தர் எல்லோரும் சாப்பிடும் போட்டோவை அனுப்பியிருந்தார். அதில் ஒரு பெண் இட்லிச் சட்டியைத் திறந்துகொண்டு நின்றாள். நாள் முழுக்க மற்றவர்களுக்கு இதே மாதிரி வீடு பிடித்துக் கொடுப்பவள் நான். அடுப்பில் புளிக்குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வரும் வரை அந்தப் போட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போனில் முதலில் நான் கேட்டது “யாரு அவ?” என்று. அந்த ஒரு வார்த்தையில் அவர் குற்றவாளியாகிவிட்டார். மூன்று நாள் பேச்சு அளவாக இருந்தது. ஊருக்கு வந்த பிறகு, கோபம் ஆறி, ஒரு சாயங்காலம் முகப்பில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னேன்: “அங்க யாரு இருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல. நாலாவது நாள் அடுத்தவுக போட்டோவுல எனக்குத் தெரிய வேண்டாம்.” அதற்கு அவர் சொன்ன பதில் எல்லா வீட்டிலும் சொல்லப்படுவதுதான்: “சொன்னா நீ கவலைப்படுவியேன்னு சொல்லல.” கவலைப்படக் கூடாது என்று மறைத்ததுதான் கவலையைக் கொண்டுவந்தது என்று அவருக்குப் புரிய இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று.

ஆகவே ‘யாரு’ என்று தொடங்காதீர்கள். கிளம்புகிறதற்கு முன்னால், பெட்டி அடுக்கும்போது, “எங்க தங்குறீக, கூட யாரு, நம்பர் என்ன” என்று டிக்கெட் விவரம் கேட்பது போல எல்லாப் பயணத்துக்கும் கேளுங்கள். ஒரு பயணத்துக்கு மட்டும் கேட்டால் அது விசாரணை.

“ராத்திரி போன் பண்ணா ‘ம்’, ‘சரி’, ‘வைக்கவா’ன்னு மூணே வார்த்தை. எதையோ மறைக்கிறாக.”

மூன்றடி தள்ளி இன்னொருத்தர் படுத்திருக்கிறார், அதுதான் விஷயம். அலுப்பில் கண்ணை மூடிக்கொண்டு, ஆனால் காதைத் திறந்துகொண்டு. அந்த நேரத்தில் நீங்கள் “என் மேல பாசமே இல்ல” என்று ஆரம்பித்தால் அவர் என்ன பதில் சொல்வார்? “ம்.”

ராத்திரிப் போனை நலம் விசாரிக்க மட்டும் வையுங்கள். பேச வேண்டியதை அவர் சாப்பிட வெளியே போகும் நேரத்தில், ஏழு ஏழரைக்குப் பேசுங்கள். தெருவில் நடந்துகொண்டே பேசும் மனுஷன் அறையில் படுத்திருப்பவரைவிட நாலு மடங்கு பேசுவார். நான் சொல்லி இதைச் செய்து பார்த்த மூன்று பேர் எனக்குத் தேன்குழல் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

“வீடியோ கால் போட்டு ரூமைச் சுத்திக் காட்டச் சொல்லலாமா?”

முதல் நாள் “ரூம் எப்படி இருக்கு, காட்டுங்க” என்று ஆசையாகக் கேட்டால் எல்லோரும் காட்டுவார்கள். தினமும் ராத்திரி பத்து மணிக்குக் காட்டச் சொன்னால் அது ரோந்து. அதோடு, பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பனியனோடு உட்கார்ந்திருப்பார். அவருக்கும் மானம் உண்டு. அறையைப் பகிர்கிறவரின் சம்மதம் இல்லாமல் அவரைப் படம் பிடிப்பது முறையில்லை. பெண்கள் தங்கும் அறை என்றால் இன்னும் கவனம். உடை மாற்றும் இடத்தில் ஒரு பெண்ணை அவளுக்குத் தெரியாமல் படம் எடுப்பது தண்டனைக்குரிய குற்றம்.

“எங்க மாமியார் சொல்றாக: ‘அந்தக் காலத்துல ஆச்சிமாரு மூணு வருசம் இருந்தாக. ஒனக்கு மூணு நாள் இருக்க முடியலையா?’”

இந்தக் கேள்வி என்றால் எனக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்துவிடும், மன்னியுங்கள். மாமியார் சொல்வது நிஜம்தான். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நகரத்தார் மூன்று வருஷக் கணக்கில் போனார்கள். அங்கே அவர்கள் தங்கியதும் பகிர்ந்த இடம்தான். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் ரங்கூன் மொகல் தெருவிலும் இருந்த கிட்டங்கிகளில், அதாவது அவர்கள் தொழில் நடத்தித் தங்கிய கட்டடங்களில், நீள ஹால். ஒவ்வொரு வட்டிக்கடைக்கும் ஒரு பெட்டி, அதன் முன்னால் ஒரு சாய்வு மேசை. பகலில் அங்கேயே கணக்கு, ராத்திரி அங்கேயே பாயை விரித்துப் படுக்கை. பல கடைக்காரர்களுக்குப் பொதுவாகச் சமையல். இன்றைய ‘ட்வின் ஷேரிங்’ எல்லாம் அதன் முன்னால் அரண்மனை.

எங்கள் ஐயா, அப்பாவின் அப்பா, 1942-க்கு முன்னால் பர்மாவில் அடுத்தாளாக, அதாவது கடையை நடத்துபவருக்கு அடுத்த ஆளாக, இருந்தவர். அப்பத்தாவின் தகரப் பெட்டியில் அவர் கடிதங்கள் இருந்தன. என் சிறுவயதில் அப்பத்தா என்னைப் படித்துக் காட்டச் சொல்வார். முதல் பாதி முழுக்க வட்டிக்கணக்கு, அரிசி விலை. நடுவில் ஒரு வரி தவறாமல் வரும்: ‘நானும் பக்கத்துப் பெட்டி இன்ன ஊர் இன்னாரும் சுகம்.’ அந்த இன்னாரின் வீடு எங்கள் ஊரிலிருந்து ரெண்டு கல் தொலைவு. அந்த வீட்டு ஆச்சிக்கும் இதே வரி போயிருக்கும். இளையாற்றங்குடி, மாற்றூர் என்று நகரத்தார் பிரிவுகளுக்கு உள்ள ஒன்பது கோயிலில் எந்தக் கோயில் என்று சொன்னால் ஆளின் தலைமுறையே தெரிந்துவிடும். ஐயா யார் பக்கத்தில் பாய் விரிக்கிறார், யார் கையால் சாப்பிடுகிறார் என்பது ஆயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் அப்பத்தாவுக்குத் தெரியும். உங்களுக்கு பெங்களூரில் இருக்கும் பக்கத்துக் கட்டில்காரரின் பெயர் தெரியுமா? மாமியாரிடம் மரியாதையாக இதைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பொறுமையைப் பெருமையாகச் சொல்லும் அதே வீடுகளில், அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட ஒன்றிரண்டு பேரின் கதையும் மெல்லிய குரலில் உலவும். ஆச்சிமார் சங்கடப்படவில்லை என்று யார் சொன்னது? கேட்க ஆள் இல்லை.

“எங்க வீட்டுல அவுக தவசுப்பிள்ளை கூடச் சமையலுக்குப் போறவுக. ஓட்டலும் கெடையாது, ரூமும் கெடையாது. மண்டபத்துல எல்லாரும் ஒண்ணாப் படுப்பாக. அதுக்கு என்ன சொல்றீக?”

நல்ல கேள்வி. தவசுப்பிள்ளை என்றால் சமையல் கோஷ்டியின் தலைவர். மேலே நான் எழுதியதெல்லாம் சம்பளக்காரர்களின் பிரச்சினை. கோஷ்டியாகச் சமையலுக்குச் சென்னை, கோயம்புத்தூர் போகிறவர்களுக்கு அறைப் பட்டியல் போட என்னைப் போல ஆள் கிடையாது. ராத்திரிப் பந்தி முடிந்து பாத்திரம் கழுவி முடிக்கும்போது மணி ஒன்று. நாலு மணிக்கு மறுபடியும் அடுப்பு. நடுவில் உள்ள மூன்று மணி நேரத்தில் சாமான் அறை, மேடைக்குப் பின்பக்கம் என்று கிடைத்த இடத்தில் சாய்வார்கள்.

காய் நறுக்கவும் பாத்திரத்துக்கும் வரும் பெண்களுக்கு உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை வேண்டும் என்பதைக் கோஷ்டித் தலைவர் மண்டபத்துக்காரரிடம் முன்பணம் வாங்கும்போதே பேசிவிட வேண்டும். பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது உங்கள் வீட்டுக்காரரை இல்லை, தவசுப்பிள்ளையைத்தான்: “பொம்பளையாளுக்கு எங்க எடம் ஒதுக்கியிருக்கீக?” அது ஒழுங்காக இருந்தால் உங்கள் கவலை பாதி குறையும். அந்தப் பெண்களுக்கும் நீங்கள் ஒரு உபகாரம் செய்தவராவீர்கள்.

“நான் ஆம்பளை. கேக்கவே கூச்சமா இருக்கு. என் மனைவி கண்டாங்கி விக்கக் கண்காட்சிக்கு டெல்லி போறா. நாலு பேருக்கு ஒரு வீடு. அதுல ரெண்டு பேர் ஆம்பளைங்க.”

கூச்சம் எதற்கு? காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலை ஊர்ப் பெயரோடு வடக்கே போனால் விற்கிறவரும் கூடப் போக வேண்டியிருக்கிறது. பதில் அபார்ட்மென்ட் கேள்விக்குச் சொன்னதேதான்: எத்தனை பேர், உள்பூட்டு, கடைசி நாள் வரை யார். ஆண் கேட்டாலும் பெண் கேட்டாலும் இதில் மாற்றம் இல்லை.

ஒரே ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். பெண்கள் என்னிடம் “எப்படிக் கேக்குறது” என்கிறார்கள். ஆண்கள் “போக வேண்டாம்னு சொல்லிரவா” என்கிறார்கள். உங்கள் மனைவி முப்பது சேலையை மூட்டை கட்டி இரண்டு நாள் ரயிலில் போகப் போகிறாள். அவளுக்கே அந்த வீட்டைப் பற்றிச் சங்கடம் இருக்கிறதா என்று முதலில் கேட்டீர்களா? இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து வேறு இடம் பாருங்கள். பெண்கள் இருவரும் சேர்ந்து ஒரு அறை எடுத்தால் செலவு பாதி. அவளுக்கு இல்லையென்றால், தடுப்பது உங்கள் சங்கடத்துக்கு அவள் வருமானத்தை வாடகையாகக் கேட்பது போல. இதை அவரிடம் நேரிலும் சொன்னேன். கொஞ்சம் முகம் சுருங்கியது. அப்புறம் அவரே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டார்.

“கூடத் தங்குறவரு குடிப்பாராம். இவுகளும் பழகிருவாகளோன்னு பயமா இருக்கு.”

பெண் விஷயம் இல்லை என்றதும் எனக்கு ஆச்சரியம். உண்மையில் அறைப் பங்காளியைப் பற்றி வரும் புகாரில் இதுதான் நியாயமானது. குடி, அறைக்குள் சிகரெட், விடிய விடிய சீட்டு. உங்கள் வீட்டுக்காரரே என்னைப் போன்ற ஆளிடம் “அவரோட வேண்டாம், வேற யாரையாவது போடுங்க” என்று சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டோம். எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

“போறவ நான்தான். ராத்திரி பதினோரு மணிக்குப் போய் எறங்குனா, ‘ஒரே ரூம்தான் இருக்கு, சாரோட தங்கிக்கங்க’ங்கிறாங்க. என்ன செய்யட்டும்?”

தங்காதீர்கள். வரவேற்பில் வேறு அறை கேளுங்கள். அங்கே இல்லையென்றால் பக்கத்தில் இன்னொரு ஹோட்டல் கேளுங்கள். கூட வந்தவர் யோக்கியர் என்றால் அவரே வெளியே போய் இடம் தேடுவார். அறை எடுத்ததும் மேலதிகாரிக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: ‘ஒரே அறை மட்டும் போடப்பட்டிருந்தது. அதனால் தனி அறை எடுத்தேன். பில்லைச் சமர்ப்பிக்கிறேன்.’ அன்றைக்கே அனுப்ப வேண்டும். பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பயணத்துக்குக் கிளம்பும்போதே ஒரு ராத்திரி அறை வாடகைக்கான பணம் கையில் இருக்கட்டும்.

இடம் போதாமை என்பதைத் தாண்டி, யாராவது வேண்டுமென்றே செய்தால், தொல்லை கொடுத்தால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வேலை காரணமாகப் போகும் இடமும் நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனமும் அந்தச் சட்டப்படி பணியிடம்தான். ‘அது ஆபீஸ்ல நடக்கலையே’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். பத்துக்குக் குறைவென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. புகாரை எழுத்தில் மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். உடனடி உதவிக்கு 181.

வீட்டில் இருப்பவருக்கு ஒரு வார்த்தை: இந்த மாதிரி ராத்திரியில் மனைவி போன் செய்தால் “நான் அப்பவே சொன்னேன்ல” என்று ஆரம்பிக்காதீர்கள். அடுத்த தடவை போன் உங்களுக்கு வராது.

“தனி ரூம்னு சொன்னாக. சட்டைப் பையில பில்லு கெடந்துச்சு. ‘ரெண்டு பேர்’னு போட்டிருக்கு.”

பொறுங்கள். பில்லை அப்படியே நம்பாதீர்கள். அறையை எப்படிப் போட்டார்களோ அதுதான் பில்லில் வரும். இரண்டு பேருக்கு என்று போட்டு, கடைசி நேரத்தில் ஒருவர் வராமல் போனால்கூட ‘இரண்டு பேர்’ என்றே அச்சாகும். சில ஹோட்டலில் ஒற்றை ஆள் வாடகையே கிடையாது. காலை உணவு எத்தனை பேருக்கு என்று ஒரு வரி இருக்கும். அது கொஞ்சம் உண்மைக்குப் பக்கத்தில். தங்கும் ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் வாங்கிப் பெயரைப் பதிவேட்டில் எழுதுவது ஹோட்டல் வழக்கம். ஆனால் அதை உங்களுக்குக் காட்ட மாட்டார்கள், காட்டவும் கூடாது.

இதில் நானே ஒரு குடும்பத்தில் தீ வைத்திருக்கிறேன். பட்டியலில் ஒரு ஆணின் பெயருக்கு முன்னால் ‘திரு’ போட வேண்டிய இடத்தில் ‘திருமதி’ விழுந்துவிட்டது. பெயரும் இரண்டு பாலுக்கும் பொதுவான பெயர். உறுதிச் சீட்டு அவருடைய அறைப் பங்காளியின் வீட்டு மெயிலுக்குப் போய், அங்கே பங்காளியின் மனைவி திறந்து பார்த்து, மறுநாள் காலை ஒன்பதரைக்கு எங்கள் ஆபீஸில் வந்து நின்றார். கையில் தாள் நடுங்கியது. நான் அந்த ‘திருமதி’யை அழைத்துக் காட்டினேன். மீசை வைத்த திருமதி. அந்த அம்மாள் சிரிக்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அன்றிலிருந்து பட்டியலை இரண்டு தடவை வாசிக்கிறேன்.

“இல்லக்கா, தப்பா அச்சாகல. நான் கேட்டுட்டேன். பொய்தான் சொல்லியிருக்காக.”

அப்படியென்றால் இனி இது அறையைப் பற்றிய கேள்வி இல்லை. இரண்டு விதப் பொய் உண்டு. சண்டைக்குப் பயந்து சொல்கிற பொய். மறைக்க வேறு ஏதோ இருப்பதால் சொல்கிற பொய். முதலாவதில் தேதியும் ஆட்களும் கேட்டவுடன் பொருந்தும், பொய் ஒரு இடத்தில் நின்றுவிடும். இரண்டாவது ஒன்றை மூட இன்னொன்றாக வளரும். நீங்கள் வீட்டில் இருப்பவர், உங்களுக்குத்தான் தெரியும். நான் தள்ளி நின்று சொல்லக் கூடாது.

போலீஸில் புகார் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். திருமணத்துக்கு வெளியே உறவு வைப்பதைக் குற்றமாக்கியிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆகவே அதற்கென்று வழக்கு இல்லை. இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கு அது காரணமாக இன்னும் இருக்கிறது. அந்த அளவுக்குப் போக வேண்டுமென்றால் சொந்தக்காரர்களிடம் முதலில் போகாதீர்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தவர்கள் சிவகங்கை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். புதுக்கோட்டைப் பக்கம் என்றால் அந்த மாவட்டத்தில். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

“பக்கத்து வீட்டுல ‘ஒம் புருசன் அந்தப் பொண்ணோட ஒரே வீட்டுலயாமே’ன்னு கேக்குறாக.”

“ஆமா, மூணு ரூம் வீடு, எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுக் கோலத்தைத் தொடருங்கள். ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்ல முடிவதற்காகத்தான் முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்கிறேன்.

“உங்க வீட்டுல இப்ப எப்படிக்கா?”

இதைக் கேட்டது எங்கள் ஆபீஸிலேயே புதிதாகச் சேர்ந்த பெண். ஹைதராபாத் கதைக்குப் பிறகு ஒரு ஏற்பாடு. விடியக்காலைப் பல்லவன் ரயிலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் நாள்காட்டியில் கிழித்த முந்தின நாள் தாளின் பின்பக்கம் அவர் எழுதி, அரிசி டின்னுக்கு மேல் வைத்துவிட்டுப் போவார்: இடம், போன் நம்பர், கூடத் தங்குகிறவர். நான் ஒரு சம்படத்தில் சீடையோ தேன்குழலோ இரண்டு பேருக்குச் சேர்த்துக் கட்டிக் கொடுப்பேன். சம்படம் திரும்பி வரும்போது அந்த இன்னொருத்தர் “வீட்டுல தேங்ஸ் சொல்லுங்க” என்று சொன்னதும் சேர்ந்து வரும். முகம் பார்க்காத ஏழெட்டுப் பேரின் பல்வலி, சர்க்கரை எல்லாம் இப்போது எனக்குத் தெரியும்.

போன மாதம் சேலத்துக்குப் போனார். தாளில் ஹோட்டல் பெயர், நம்பர் எல்லாம் இருந்தது. மூன்றாவது வரியில் எழுதியிருந்தார்: ‘கூட அதே ஆள். குறட்டை. பஞ்சு வைக்க மறந்துட்டே.’